பழைய அம்பாசடர், பத்மினி வாங்கப் போகிறீர்களா? முதலில் கதவு இடைவெளியைப் பாருங்கள்

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. வண்டிகள் குறையக் குறைய ஆசை கூடுகிறது. ஆனால், விளம்பரப் படத்தில் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இன்ஜின் பழுதைச் சரிசெய்ய வழியுண்டு. துருப்பிடித்துத் தொய்ந்துபோன பாடிதான் பர்ஸைக் காலி செய்யும்.

பாடி ஏன் அவ்வளவு முக்கியம்?

ஜீப், லாரிகளில் அடியில் தனியாக ஒரு சேஸிஸ் இருக்கும். பாடி அதன்மேல் உட்காரும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அந்த வகைதான். அம்பாசடர், பத்மினி அப்படியல்ல. தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று வெல்டிங் செய்த கூடுதான் மொத்த எடையையும் தாங்குகிறது. தளம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற 'சில்', கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கூடு.

துரு எங்கே தொடங்கும்?

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு இருந்தால் வேகம் கூடும். அதனால் கடலோர நகரங்களில் ஓடிய வண்டிகளைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைப்பது. அதனால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது, தகடுகளின் இணைப்பு பிளக்கிறது. பெரும்பாலும் இது உள்ளிருந்து வெளியே வரும்: சில்லின் வடிகால் துளை அடைத்துத் தண்ணீர் தேங்கும்; தரைவிரிப்புக்குக் கீழே ஈரம் நிற்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு அரித்திருக்கலாம்.

தொய்வு எப்படி வருகிறது?

முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே காரை ஒரு பாலமாக நினைத்துக்கொள்ளுங்கள். சில்லும் தளமும் அந்தப் பாலத்தின் கீழ்ப்பகுதி. அவை அரித்துப்போனால் நடுப்பகுதி கீழே இறங்கும். அப்போது கதவுச் சட்டம் கோணலாகி, மேலே இடைவெளி குறுகும், கீழே அகலும். கதவு உரசத் தொடங்கும். விபத்து நேரத்தில் உங்களைக் காக்க வேண்டிய கூடும் பலவீனமாகியிருக்கும்.

வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

• கதவைச் சுற்றிலும் இடைவெளி ஒரே அளவா? இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.
• திறந்த கதவின் நுனியைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்மானமாக இருக்கலாம். ஆட்டம் இல்லாமலே கோணல் என்றால் பாடியைச் சந்தேகிக்கலாம்.
• பின்பக்கம் தாழ்ந்திருந்தும் கதவு இடைவெளி சரியாக இருக்கிறதா? அப்படியானால் பட்டைச் சுருள் தளர்ந்திருக்கலாம். அது மாற்றக்கூடியது.
• மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை சில், தூண்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லையா? உள்ளே கெட்டியான பட்டி இருக்கலாம்.
• மெக்கானிக்கை வைத்து, ஜாக்கி போடும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நன்றாக மூடிய கதவு இப்போது சிக்கினால் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

டிங்கரிங் செய்தால் போதாதா?

பட்டி பூசினால் ஓட்டை மறையும், பலம் வராது. ஈரத் துருவின்மேல் தார் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். அரித்த தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வெல்டிங் செய்வதே சரியான வழி. வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து, அளவெடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்ய வேண்டும். தொய்வை நிமிர்த்தாமல் வெல்டிங் வைத்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். இதைக் கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டி, சேஸிஸ், பாடிக் கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனமே 'வின்டேஜ்'. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; 10 ஆண்டுகள் செல்லும். தினசரி ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும்தான். ஆக, பழுதுபார்ப்பு பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வையுங்கள். பெயின்ட் அடித்த பிறகு உள்ளே நடந்ததைக் காட்ட அந்தப் படங்கள்தான் மிஞ்சும்.