இரண்டாவது இருக்கை: ரோபோ அறுவைப் பயிற்சியின் வரலாறு

பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி முறையில், இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி, அறுவை மேசையில் ஆசானுக்கு உதவியாக நின்று, படிப்படியாகப் பொறுப்பேற்று, முடிவில் தாமே கத்தியைக் கையாளும் தகுதியை அடைந்தார். இருவர் கைகளும் ஒரே இடத்தில் இயங்கியமையே இம்முறையின் உயிர்நிலை. ரோபோவின் வருகை மாற்றியமைத்தது இதனைத்தான்.

தொடக்ககால இயந்திரங்கள் இந்த உறவைப் பெரிதும் தொடவில்லை. 1985இல் கலிபோர்னியாவில் மூளைத் திசு மாதிரி எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டிய பூமா 560, ஆலைப் பணிக்கென உருவான இயந்திரக் கையே ஆகும். ஆனால், காயமுற்ற படைவீரருக்குத் தொலைவிலிருந்து அறுவை செய்யும் நோக்குடன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஊக்குவித்த ஆய்வுகளின் வழிவந்து, 2000இல் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்ற டாவின்சி, மருத்துவரை நோயாளியின் அருகிலிருந்து பெயர்த்து, முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி கைப்பிடிகளால் கருவிகளை இயக்கும் கன்சோலில் அமர்த்தியது. அதில் இருக்கை ஒன்றே இருந்தது.

டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில், பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு நுண்துளை முறையில் புராஸ்டேட் சுரப்பியை அகற்றும் பணியைத் தொடங்கிய மணி மேனன் குழுவினர், மணிக்கட்டுபோல் வளையும் ரோபோக் கருவிகள் திறந்தமுறை அறுவையில் பழகிய கைகளுக்கு இசைவாக இருப்பதை உணர்ந்து, ரோபோ அறுவையை முறைப்படுத்திய திட்டமாக வளர்த்து, 2002இல் அதன் விளைவுகளை வெளியிட்டனர். இத்தகைய திட்டங்களில் இயந்திரத்தோடு, நோயாளியின் பக்கத்தில் நின்று கருவிகளை மாற்றித்தரும் உதவி மருத்துவரும், பழகிய செவிலியரும், மயக்கவியல் மருத்துவரும் ஒரே குழுவாக இணையவேண்டியிருந்தது.

கற்பவரோ முதலில் நோயாளியின் பக்கத்தில் உதவியாளராகப் பழகி, பின்னரே அறுவையின் எளிய கட்டங்களைக் கன்சோலில் செய்தார். அவர் அமர ஆசான் எழவேண்டியிருந்தது, எழுந்தபின் திருத்தப் பெரும்பாலும் சொல்லே வழியாக இருந்தது. 2009இல் வந்த டாவின்சி எஸ்ஐ, இரண்டு கன்சோல்களை இணைத்து, கருவிகளின் கட்டுப்பாட்டை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்ற வழிசெய்தது. நோயாளியின்றிக் கைப்பழக்கம் பெறப் பாவனைப் பயிற்சிக் கருவிகளும் (சிமுலேட்டர்) பரவின. எனினும், ஹால்ஸ்டெட் காலத்தில் அறுவை மேசையோரம் செலவின்றி வாய்த்த மாணவரின் இடம், இப்போது மருத்துவமனை திட்டமிட்டு, விலைகொடுத்து வாங்கவேண்டிய ஒன்றாயிற்று.