குளச்சல் 1741, ஆரல்வாய்மொழி 1809: மேப் சைஸும் கேம் ஸ்பீடும்

சிவிலைசேஷன் விளையாடறவங்களுக்குத் தெரியும். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு கேள்வி கேட்கும். மேப் எவ்வளவு பெரிசு? வேகம் எவ்வளவு? நம்மில் பெரும்பாலானோர் ரெண்டையும் 'ஸ்டாண்டர்ட்' என்று விட்டுட்டு, எந்த நாட்டை எடுக்கலாம்னு யோசிக்கப் போயிடுவோம். ஆனா போரில் யார் ஜெயிப்பாங்கன்னு பாதி முடிவாவது அந்த ரெண்டு கேள்வியில்தான் இருக்கு.

ஆடாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 2010-ல் வந்த சிவிலைசேஷன் 5-ல் மிகச் சின்ன மேப்பில் 2 நாடுகள், மிகப் பெரியதில் 12. வேகத்தைப் பொறுத்தவரை 'குவிக்' என்றால் மொத்தம் 330 டர்ன், ஸ்டாண்டர்ட் 500, எபிக் 750, மாரத்தான் 1500. மாரத்தானில் ஒரு புதுத் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிக்க ஸ்டாண்டர்டைப் போல 3 மடங்கு உழைப்பு வேணும். எல்லாமே மெதுவா நடக்கும், ஒண்ணைத் தவிர. ஒரு சிப்பாய் ஒரு டர்னில் நடக்கும் தூரம் மாறாது. எந்த வேகத்திலும் அவனுக்கு 2 கட்டம்தான்.

இதோட விளைவைப் பாருங்க. எதிரி நகரம் 20 கட்டம் தள்ளி இருக்கு, போய்ச் சேர 10 டர்ன். குவிக்கில் அந்த 10 டர்னுக்குள் எதிரி புது ஆயுதமே கண்டுபிடிச்சிடுவான். நம்ம வில்லாளி போய் நிற்கும்போது எதிரில் துப்பாக்கி! மாரத்தானில் அதே 10 டர்ன் கண் சிமிட்டும் நேரம். அதாவது வேகத்தைக் குறைச்சா மேப் சுருங்குது, கூட்டினா விரியுது. மேப்பின் உண்மையான அளவு கட்டங்களின் எண்ணிக்கை இல்லை. 'நான் போய்ச் சேர்றதுக்குள்ள அங்கே என்ன மாறியிருக்கும்' என்பதுதான்.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எங்க குமரி மாவட்டத்தில் நடந்த ரெண்டு சண்டையைப் பார்க்கலாம். ஒண்ணு குளச்சல், 1741. இன்னொண்ணு ஆரல்வாய்மொழி, 1809. (கறாரா சொன்னா தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான் நாஞ்சில் நாடு. ஆரல்வாய்மொழி அதுக்குள்ள வரும். குளச்சல் கல்குளம் பக்கம். ஊர்க்காரங்க சண்டைக்கு வர வேண்டாம் :-))

முதல்ல குளச்சல். டச்சுக் கம்பெனி அன்னைக்கு ஆடினது மிகப் பெரிய மேப். தலைமை ஆம்ஸ்டர்டாமில், ஆசியத் தலைநகரம் ஜாவாவில் இருந்த பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. கொழும்பை 1656-லும் கொச்சியை 1663-லும் போர்த்துக்கீசியரிடம் பிடுங்கி வச்சிருந்தாங்க. எதிரில் மார்த்தாண்ட வர்மா. 1729-ல் பட்டத்துக்கு வந்தவர், பக்கத்துச் சின்ன ராஜ்யங்களை ஒண்ணொண்ணா விழுங்கி, டச்சுக்காரர்களின் மிளகு வியாபாரத்தில் கை வச்சார். 1739-ல் இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹாஃப் நேரில் வந்து மிரட்டினதாகவும், 'அப்படின்னா நான் ஐரோப்பாவுக்கே படையெடுத்து வர வேண்டியிருக்கும்' என்ற பொருளில் ராஜா பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. நக்கல்தான். ஆனா தூரம் யாருக்குப் பாரம் என்பது அந்த நக்கலிலேயே இருக்கு.

1741 தொடக்கத்தில் டச்சுப் படை குளச்சல் கரையில் இறங்கிச்சு. அங்கிருந்து அன்றைய தலைநகரம் பத்மநாபபுரம் சுமார் 15 கிலோமீட்டர், அரை நாள் நடை. கட்டம் எண்ணிப் பார்த்தா டச்சுக்காரன் ஜெயிச்சிருக்கணும். ஆனா அவனுக்குக் கூடுதல் ஆள் வேணும்னா கடல் தாண்டி 300 கிலோமீட்டர் தள்ளிக் கொழும்பு. அங்கேயும் இல்லைன்னா அதுக்கும் அப்பால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பத்தாவியா. பத்தாவியாவிலோ 1740 அக்டோபரில் சீனர் படுகொலை நடந்து, அது ஜாவா முழுக்கப் போரா வெடிச்சிருந்தது. அங்கிருந்து உதவி வரலை. பெரிய மேப்பில் ஆடறவன் தலைவலி இதுதான். ஒரு மூலையில் தீப்பிடிச்சா இன்னொரு மூலைக்கு ஆள் அனுப்ப முடியாது.

ராஜாவோட படை வடக்கே இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து குளச்சலுக்கு நடந்தே ரெண்டு மூணு நாளில் வந்திடலாம். வந்து வளைச்சுக்கிட்டாங்க. அதுக்குள்ள ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழையும் வந்தாச்சு. அந்த மாசங்களில் இந்தக் கரையில் பாய்மரக் கப்பல் நெருங்கறது பெரும்பாடு. 300 கிலோமீட்டர் கொழும்பு திடீர்னு எட்டாத தூரமாச்சு. மேப் அதே மேப், கட்டம் அதே கட்டம். காற்று மாறினதும் அளவு மாறிடுச்சு. ஆகஸ்டில் டச்சு முகாமின் வெடிமருந்தில் குண்டு விழுந்து அரிசிக் கையிருப்பும் எரிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. சரணடைந்தாங்க. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய்.

இங்கேதான் ராஜா மாரத்தான் ஆட ஆரம்பிக்கிறார். டிலனாயைத் தன் படையில் சேர்த்தார். அவர் 1777-ல் சாகும்வரை, 36 வருஷம், திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கினார், கோட்டைகள் கட்டினார். உதயகிரிக் கோட்டைக்குள்ளே அவர் கல்லறை இருக்கு, தமிழிலும் லத்தீனிலும் எழுத்து. வட்டக்கோட்டையைப் பலப்படுத்தினவரும் அவர்தான். கோட்டையை எல்லாரும் 'தடுக்கற சுவர்'னு நினைக்கிறாங்க. என்னைக் கேட்டா அது மேப்பைப் பெரிசாக்கற கருவி. எதிரியின் ஒரு நாள் நடையை ஒரு மாசமாக்கும். 1789 டிசம்பரில் வடக்கே நெடுங்கோட்டையில் திப்பு சுல்தான் முட்டித் திரும்பினதும், மறு வருஷம் அதை உடைச்சாலும் அதுக்குள்ள ஆங்கிலேயரோட போர் தொடங்கி அவர் திரும்பிப் போக வேண்டி வந்ததும் இந்தக் கணக்குதான்.

இப்போ 1809. தளவாய் வேலுத்தம்பி, எங்க தலக்குளத்துக்காரர். ஜனவரி 11-ம் தேதி குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிரா விளம்பரம் செஞ்சார். பிப்ரவரி 10-ம் தேதி லெஃப்டினன்ட் கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைப் பிடிச்சிருச்சு. கணக்குப் பாருங்க, 30 நாள்! தெற்குப் பக்க மலையில் மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு ராத்திரியோடு ராத்திரியா ஏறி மேலிருந்து இறங்கினாங்க. சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமலே கை மாறிச்சு.

68 வருஷத்தில் என்ன மாறிச்சு? ஆங்கிலேயன் லண்டனைக் கேட்கவே வேண்டியதில்லை, சென்னையிலேயே முடிவு எடுத்தான். படை திருச்சிப் பக்கமிருந்து தரை வழியா வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சுமார் 65 கிலோமீட்டர். பருவக்காற்றும் குறுக்கே வரலை, கப்பலும் தேவைப்படலை. அவனுக்குத்தான் இப்போ சின்ன மேப்.

பெரிய மேப் யாருக்கு? திருவிதாங்கூருக்கு! ஜெயிச்சு ஜெயிச்சு, 1753-ல் மாவேலிக்கரை ஒப்பந்தத்தில் டச்சுக்காரனையே ஒதுங்க வச்சு, கன்னியாகுமரியிலிருந்து கொச்சியைத் தாண்டி வளர்ந்த ராஜ்யம். வேலுத்தம்பி கொச்சியையும் பார்க்கணும், கொல்லத்தையும் பார்க்கணும், ஆரல்வாய்மொழியையும் பார்க்கணும். கொல்லத்தில் ஜனவரி 15-ம் தேதியே ஒரு தோல்வி. டச்சுக்காரனை வீழ்த்தின தூரம், வெற்றியோட சேர்ந்து ராஜ்யத்துக்குள்ளே குடிவந்திடுச்சு.

ஊரில் குளச்சலைப் பத்திப் பேசினா 'வீரம்' என்பாங்க. ஆரல்வாய்மொழி என்றால் 'காட்டிக்கொடுத்துட்டாங்க', 'பயந்துட்டாங்க' என்று ஒரு பேச்சு வரும். வீரம் இல்லைன்னு நான் சொல்லவரலை. மழையில் நின்னு முற்றுகை போட்டவங்களைச் சும்மா சொல்ல முடியுமா? ஆனா வெற்றிக்கு வீரம் மட்டும் காரணம்னு எழுதினா, தோல்விக்குக் கோழைத்தனம் காரணம்னு எழுத வேண்டி வரும். அது அநியாயம். 1809-ல் அந்தச் சுவரில் நின்னவங்க, குளச்சலில் ஜெயிச்சவங்களோட பேரனும் கொள்ளுப்பேரனும்தான். ஆனா அவங்களுக்குக் கிடைச்ச மேப் வேற, கிடைச்ச டர்னும் வேற.

முப்பந்தலில் இன்னைக்குக் காற்றாலைகள் சுத்துதே, அதே மலை இடைவெளிதான் அது. காத்து நுழையற வழியில்தான் படையும் நுழைஞ்சது. அடுத்த முறை பஸ்ஸில் அந்த வழியாப் போனா, தெற்குப் பக்க மலையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க.