சூரியனை அளக்கப் போனவர்கள் தின்ற ஆமை

1676ஆம் ஆண்டு நவம்பரில் எட்மண்ட் ஹாலி ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பட்டம்கூட வாங்காமல், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்றில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 20. தெற்கு அட்லாண்டிக்கில் தன்னந்தனியாகக் கிடக்கும் செயின்ட் ஹெலினா தீவில் தங்கி, ஐரோப்பியக் கண்களுக்கு எட்டாத தென்வான விண்மீன்களின் இருப்பிடங்களைக் குறித்து வருவது திட்டம். இரண்டாம் சார்லஸ் மன்னரே கம்பெனிக்குச் சொல்லி வழிசெய்து கொடுத்திருந்தார். தீவிலோ மேகம் விலகிய இரவுகள் அரிது. அப்படியும் 341 விண்மீன்களின் இருப்பிடங்களைக் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினார்; விட்டுவந்த பட்டமும் மன்னரின் ஆணையால் கைக்கு வந்தது. இவருக்குப் பின் 200 ஆண்டுகளில் எத்தனையோ வானியலாளர்கள் இதே போல முகம் தெரியாத தீவுகளுக்குத் தொலைநோக்கியும் கடிகாரமுமாகப் போயிருக்கிறார்கள். அந்தப் பயணங்களை வானியலின் வரலாறாகவே எழுதிவருகிறோம். அவை விட்டுச்சென்ற நிலையான தடத்தைத் தேடினால், அது வழியில் அவர்கள் கண்ட, தின்ற, சில வேளைகளில் கொண்டுபோய் இறக்கிவிட்ட உயிரினங்களிடத்தில்தான் அகப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹாலியின் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். உதவிய மன்னருக்கு நன்றியாக, தென்வானில் 'சார்லஸின் கருவாலி மரம்' என்றொரு புதிய விண்மீன் குழுவை அவர் நட்டுவைத்தார். அது வேர்பிடிக்கவில்லை, பின்வந்தவர்கள் பிடுங்கிவிட்டார்கள். அவருக்கு 80 ஆண்டு முன்னதாக, 1595இல் முதல் டச்சுக் கப்பல் அணியில் கிழக்கே வந்த பீட்டர் கெய்சரும் ஃப்ரெடெரிக் தெ ஹவுட்மனும் குறித்த விண்மீன்களைக் கொண்டு 12 குழுக்கள் உருவாயின. மயில், கொக்கு, பச்சோந்தி, சொர்க்கப் பறவை, டூக்கன், பறக்கும் மீன் என்று அவற்றில் பெரும்பாலானவை விலங்குகள். வெப்பமண்டலக் கடலில் டொராடோ மீன் பறக்கும் மீனைத் துரத்துவது மாலுமிகளின் அன்றாடக் காட்சி. வானத்திலும் அவ்விரண்டையும் அருகருகேதான் நிறுத்தினார்கள். கெய்சர் 1596இல் ஜாவாக் கரையில் இறந்துபோனார், ஊர் திரும்பவே இல்லை. ஆனால் அந்தப் 12 குழுக்களும் இன்றைய அதிகாரபூர்வமான 88 குழுக்களின் பட்டியலில் இருக்கின்றன. அரச விசுவாசம் உதிர்ந்துபோன வானத்தில் கடற்பயணிகள் கண்ணால் கண்ட பிராணிகள் தங்கிவிட்டன. ஹாலியும் பின்னாளில் அப்படிப்பட்ட பிராணிகளைச் சந்தித்தார். காந்த ஊசியின் விலகலை அளப்பதற்காக 'பாரமோர்' என்ற சிறு கப்பலில் 1700ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தெற்கே வெகுதூரம் போனபோது, பறவைக்கும் மீனுக்கும் இடைப்பட்டவை போன்ற சில உயிர்களைக் கண்டதாகக் குறித்துவைத்தார்: உடல் முழுக்க நீருக்கடியில், மூச்சுக்காக மட்டும் அன்னத்துடையது போன்ற கழுத்து மேலே. பெங்குவின்களாகத்தான் இருக்க வேண்டும். தெரியாத ஒன்றுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறாரே, அந்தப் பழக்கம் வானியலாளருக்கே உரியது. என் வாதத்துக்கு அது முக்கியம்.

செயின்ட் ஹெலினாவில் இருந்தபோது, 1677இல், சூரிய வட்டத்தைப் புதன் கடந்ததை ஹாலி பார்த்தார். இதையே வெள்ளி செய்யும்போது உலகின் பல மூலைகளிலிருந்து நேரம் குறித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்ற யோசனை அதிலிருந்து வளர்ந்தது. 1716இல் விரிவாக எழுதினார். வெள்ளி இப்படிச் சூரியனைக் கடக்கும் இடைநகர்வு அடுத்து நிகழவிருந்தது 1761இலும் 1769இலும். அதுவரை தாம் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று தெரிந்தே அடுத்த தலைமுறையைத் தூண்டிவிட்டுப் போனார். அந்த அழைப்பை ஏற்றுப் புறப்பட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பாதிரியாரும் வானியலாளருமான அலெக்சாந்தர் பாங்க்ரே. மொரீசியஸுக்குக் கிழக்கே இருக்கும் ரோட்ரிக்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவுக்கு 1761 மே மாதக் கடைசியில் வந்து சேர்ந்தார். ஜூன் 6 அன்று வானம் மூட்டமாகவே விடிந்தது. மேகங்களின் இடுக்கில் துண்டு துண்டாகக் கிடைத்ததைத்தான் அவரால் குறிக்க முடிந்தது. சில வாரங்களில் ஆங்கிலேயர் வந்து தீவைச் சூறையாட, கப்பலில்லாமல் செப்டம்பர் வரை அங்கேயே கிடந்தார். மூன்றரை மாதம் அவருக்குக் கிடைத்த சாப்பாடு ஏறக்குறைய ஒன்றே ஒன்று: நில ஆமை. ஆமைச் சாறு, ஆமை வறுவல், ஆமை முட்டை, ஆமை ஈரல். கடைசி நாளிலும் முதல் நாள்போலவே ருசித்தது என்றும், ஈரலுக்கு ஈடில்லை என்றும் கூச்சமில்லாமல் எழுதிவைத்தார். அந்தத் தீவுக்கே உரிய அந்த ராட்சத ஆமைகள் அப்போது வணிகச் சரக்கு. நோயாளிகளுக்கும், ஸ்கர்வி பிடித்த மாலுமிகளுக்கும் புதிய இறைச்சியாக, கப்பல் கப்பலாக மொரீசியஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. தீவில் பிரெஞ்சுக்காரர்கள் சிறு காவல் நிலையம் வைத்திருந்ததே அவற்றைப் பிடித்து அனுப்பத்தான். 19ஆம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளில் அங்கே ஓர் ஆமைகூட மிஞ்சவில்லை.

பாங்க்ரேயின் குறிப்புகளில் இன்னொரு பிராணியும் வருகிறது. டோடோவுக்கு நெருங்கிய உறவான, பறக்கத் தெரியாத பெரிய பறவை. சாலிடேர் என்று பெயர். 1691 முதல் இரண்டு ஆண்டுகள் அந்தத் தீவில் வாழ்ந்த புராட்டஸ்டன்ட் அகதி ஃப்ரான்சுவா லெகா அதை விவரமாக எழுதியிருந்தார்: ஒரே முட்டை, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தல், அத்துமீறி வரும் பறவையைச் சிறகால் சடசடவென்று அடித்து விரட்டுதல், அந்தச் சிறகின் எலும்பில் துப்பாக்கிக் குண்டுபோல ஓர் உருண்டை. பாங்க்ரே அதை நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. தீவின் தலைவர், பறவை அடியோடு அற்றுப்போய்விடவில்லை, அபூர்வமாகிவிட்டது என்று உறுதி கூறியதாகப் பதிவு செய்தார், அவ்வளவுதான். அதற்குப் பின் யாரும் அதை உயிரோடு பார்த்ததற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. வெள்ளியின் நுழைவை விநாடிக் கணக்கில் குறிக்க வந்தவர், தம்மை அறியாமலே ஒரு பறவையினத்தின் கடைசி நாட்களுக்குத் தேதி குறித்துவிட்டார்.

பாரிஸில் நடந்த கூத்து தனிக்கதை. பாங்க்ரேயின் பயணத்தைக் கௌரவிக்க விரும்பிய வானியலாளர் லெ மொன்னியே, 1776இல் நீர்ப்பாம்புக் குழுவின் வால் நுனியருகே 22 விண்மீன்களைச் சேர்த்து, சாலிடேர் என்ற பெயரில் புதிய குழு ஒன்றை வரைந்தார். பெயர் சரி, படத்தில் இருந்ததோ அதே பெயரில் அழைக்கப்பட்ட வேறொரு சிறு பறவை, பூங்குருவி இனம். ரோட்ரிக்ஸ் பறவை எப்படி இருக்கும் என்பதை அவர் விசாரித்த மாதிரியே தெரியவில்லை, இத்தனைக்கும் லெகாவின் புத்தகம் படத்தோடு அச்சாகி 60 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1822இல் ஜேமீசன் என்பவர் தம் விண்மீன் படத்தொகுப்பில் அதே இடத்தில் ஆந்தையை உட்காரவைத்தார். 1922இல் 88 குழுக்களின் பட்டியல் முடிவானபோது அங்கே எந்தப் பறவையும் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து படம் பார்த்து வரைந்தவரிடம் பறவை உருமாறிப்போனது. தீவில் நின்றவரிடம் குறைந்தபட்சம் எது கண்டது, எது கேட்டது என்ற பிரிவாவது பத்திரமாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. விலங்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ள இயற்கையியலாளரிடம் போகாமல், போகிற போக்கில் இரண்டு வரி எழுதிய வானியலாளரிடம் ஏன் போக வேண்டும்? 1769 இடைநகர்வைப் பார்க்க டஹீட்டிக்குப் போன 'எண்டெவர்' கப்பலில் ஜோசப் பாங்க்ஸும் சோலாண்டரும் இருந்தார்களே. மறு ஆண்டு ஆஸ்திரேலியக் கரையில் கங்காருவைப் பார்த்து எழுதியவர்கள் அவர்கள்தானே, வானியலாளர் சார்லஸ் கிரீன் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கப்பல் புறப்பட்டதே வெள்ளிக்காக. பாங்க்ஸ் சொந்தப் பணம் போட்டுத் தொற்றிக்கொண்டவர். தவிர, இயற்கையியலாளர் போகாத இடங்களுக்கும் வானியலாளர் போனார். எங்கே போவது என்பதைத் தாவரமோ விலங்கோ தீர்மானிக்கவில்லை, கோள்களின் ஓட்டம் தீர்மானித்தது. அதனால்தான் லெகாவைப் போன்ற அகதியாக அல்லாமல் படித்தவன் ஒருவன் எளிதில் மூன்று மாதம் தங்கியிருக்க மாட்டாத ரோட்ரிக்ஸில், சரியாகச் சாலிடேர் மறைந்துகொண்டிருந்த வேளையில், நாட்குறிப்பு எழுதும் ஒருவர் இருந்தார். அந்தப் பயண நூலின் கையெழுத்துப் பிரதி நெடுங்காலம் பாரிஸ் நூலகம் ஒன்றில் முடங்கிக் கிடந்தது. முழு நூலாக வெளிவந்தது 2004இல்.

சூரியனின் தூரம் சின்ன விஷயமா என்பது இன்னும் கனமான கேள்வி. இல்லை, சூரியக் குடும்பத்தின் அளவுகோலே அதுதான். ஆனால் அந்தப் பயணங்கள் அதை எவ்வளவு தூரம் தந்தன என்று பார்க்க வேண்டும். 1761 அளவீடுகளிலிருந்து ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். இன்றைய கணக்கில் மாற்றிப் பார்த்தால் 12.4 கோடி கிலோமீட்டரிலிருந்து 15.9 கோடி வரை நீண்டது. வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் தருணத்தில் கறுப்புத் துளிபோல இழுபட்டுத் தெரிந்ததால் அருகருகே நின்றவர்களே வெவ்வேறு நேரம் குறித்தார்கள். இரண்டு இடைநகர்வுகளையும் சேர்த்து 19ஆம் நூற்றாண்டில் என்கே என்ற ஜெர்மானியர் கணக்கிட்டபோது சுமார் 15.3 கோடி வந்தது. சரியான தூரம் 14.96 கோடி. 1877இல் டேவிட் கில் அசென்ஷன் தீவிலிருந்து செவ்வாயைப் பார்த்தே இதைவிட நல்ல விடை கண்டார். 1961இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்தே ஆய்வுக்கூடத்திலிருந்து தீர்த்துவிட்டார்கள். வான அளவு தவறினால் அடுத்தவர் திருத்தலாம். கோள்கள் எங்கேயும் போய்விடுவதில்லை. 1761இல் சாலிடேரை யாரும் நின்று பார்க்காததை 1961இல் எந்த ரேடாரும் ஈடுகட்டப் போவதில்லை.

வெள்ளியைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீயின் கதையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1761இல் அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட, ஆடும் கப்பலில் நின்று இடைநகர்வைப் பார்த்தார்; அது கணக்குக்கு உதவவில்லை. எட்டு ஆண்டு கிழக்குக் கடல்களிலேயே சுற்றி, 1769இல் புதுச்சேரியில் தயாராகக் காத்திருந்தால் அன்று காலை மேகம். வானியலில் கையில் சுழியம். ஆனால் அந்த ஆண்டுகளின் கடல், காற்று, தீவுகள், மக்கள் பற்றி அவர் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகள் மிஞ்சின. தமிழர்கள் சோழிகளைப் பரப்பி, மனப்பாடச் சூத்திரங்களைக் கொண்டே கிரகணம் கணித்ததைப் புதுச்சேரியில் கற்றுக்கொண்டு அவர் எழுதிய பக்கங்கள், அந்த முறைக்கு இன்று நமக்குள்ள மதிப்புமிக்க வெளிச்சாட்சிகளில் ஒன்று.

1874இல் மறுபடியும் இடைநகர்வு வந்தபோது இத்தகைய பயணங்களில் உயிரினங்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்பதை லண்டன் ராயல் சொசைட்டி ஓரளவு புரிந்துகொண்டிருந்தது. ரோட்ரிக்ஸுக்கு வானியலாளர்களோடு பால்ஃபர், கலிவர், ஸ்லேட்டர் என்ற மூவரைத் தாவரம், விலங்கு, குகை எலும்புகளுக்கென்றே அனுப்பியது. ஸ்லேட்டர் குகைகளைத் தோண்டிச் சாலிடேர் எலும்புகளை எடுத்தார். லெகா சொன்ன அந்தச் சிறகு உருண்டை கட்டுக்கதை அல்ல என்பதை அதற்கு முன்பே பறவையியலாளர்களான நியூட்டன் சகோதரர்கள் எலும்புகளைக் கொண்டு காட்டியிருந்தார்கள். செயின்ட் பால் தீவுக்குப் போன பிரெஞ்சுக் குழு, கரை ஒதுங்கிய ராட்சதக் கணவாய் ஒன்றை விவரித்தது. அறிவியலுக்கு இதெல்லாம் வரவு. செலவுப் பக்கமும் இருக்கிறது. வானியலாளர்களைப் புகழ்ந்து முடித்துவிட விரும்புகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தென் இந்தியப் பெருங்கடலில் உள்ள கெர்கெலன் தீவுக்கு அதே 1874இல் போன பிரிட்டிஷ் குழு, கப்பல் உடைந்து கரையேறுகிறவர்களுக்கு உணவாகட்டும் என்ற நல்லெண்ணத்தில் முயல்களை இறக்கிவிட்டது. அத்தீவில் அதற்கு முன் புல் மேயும் பாலூட்டி எதுவும் கிடையாது. ஸ்கர்விக்கு மருந்தாக மாலுமிகள் தின்றுவந்த, அங்கே செழித்துக் கிடந்த கெர்கெலன் முட்டைக்கோஸைக் கடித்துத் தீர்த்து, மண்ணைத் தோண்டி, தீவின் பெரும்பகுதியை முயல்கள் தமதாக்கிக்கொண்டன. அந்தக் குழு குறித்துவந்த நேரங்களை இன்று எந்தக் கணக்கிலும் யாரும் பயன்படுத்துவதில்லை. அவர்கள் விட்ட முயலின் வாரிசுகளைச் சுற்றியுள்ள சில குட்டித் தீவுகளில் 1990களில் விஷம் வைத்து ஒழித்திருக்கிறார்கள். பெரிய தீவில் அவை இன்னும் இருக்கின்றன.