எருக்கத்தம்புலியூர் யாழும் பள்ளிக்கூட வயலினும்

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் இராஜேந்திரப்பட்டணம் என்றோர் ஊர் இருக்கிறது. பேருந்தில் போவோர் பலரும் ஏறிட்டுப் பாராமலே கடந்து போகும் அவ்வூருக்குத் தேவார காலத்துப் பெயர் திருஎருக்கத்தம்புலியூர் என்பது. வெள்ளெருக்கைத் தலவிருட்சமாகக் கொண்ட அந்தத் தலத்தில்தான், திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பாடிய பதிகங்களையெல்லாம் யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்தார் என்று சேக்கிழார் சொல்லுகிறார். பீங்கான் சாமான்களுக்கும் கார்த்திகை அகல் விளக்குகளுக்கும் இன்று பெயர் பெற்றிருக்கிற விருத்தாசலத்துக்கும், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்காகவும் இரண்டு நெடுஞ்சாலைகள் கூடுமிடம் என்பதற்காகவும் நாடறிந்த வேப்பூருக்கும், நரம்புக் கருவியின் சரித்திரத்திலே இவ்வளவு நெருங்கிய பாத்தியதை உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரேனும் எடுத்துச் சொல்லியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

யாழ்ப்பாணரின் சரிதத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி என் நெஞ்சைவிட்டு அகலாமல் நிற்கிறது. அவர் மதுரைக்குச் சென்று ஆலவாய்க் கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்று வாசித்தபோது, இறைவன் அடியார்களின் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்துவரச் செய்தார். உள்ளே வந்து தரையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கியதும், நிலத்தின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டு நெகிழ்ந்து நரம்பு தளரும், ஆகவே பொற்பலகை இடுங்கள் என்று அசரீரி எழுந்தது. பக்திக் கதையாக மட்டும் இதைப் படித்துப் போகிறவர்கள் போகட்டும். கருவியைக் கையாண்டவர்களுக்கு இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்று தெரியும். பத்தர் என்னும் குடத்தின்மேல் தோலைப் போர்த்து, தண்டிலிருந்து நரம்புகளை இழுத்துத் திவவினால் வலித்துக் கட்டிய அந்தக் கருவி, காற்றின் ஈரத்துக்கும் தரையின் குளிர்ச்சிக்கும் உடனே சுருதி கலைந்துவிடக் கூடியது. ஆகவே பலகை போடுவது வித்தைக்குச் செய்த உபசாரம். கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய குலத்தில் பிறந்த ஒருவருக்கு அந்தப் பலகை கிடைத்தது என்பதும், திருவாரூரில் அவருக்கென்று வடதிசையில் ஒரு வாயில் வகுக்கப்பட்டது என்பதும், திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் சம்பந்தரின் வாக்குக்கிணங்கித் தம் வீட்டு வேதிகையின் அருகிலேயே அவருக்கும் அவர் மனைவி மதங்கசூளாமணியாருக்கும் இடம் தந்தார் என்பதும், அந்நாளைய சமூகத்தில் பாணர்கள் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நமக்குச் சொல்லுகின்றன.

பாணர்கள் பிறகு என்ன ஆனார்கள்? சங்க காலத்தில் வள்ளல்களைத் தேடி நடந்த அந்தக் குலத்துக்கு நாளடைவில் ஆதரவு குன்றிற்று. அவர்கள் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போனார்கள். இருபத்தொரு நரம்புடைய பேரியாழ் என்றும், பத்தொன்பது நரம்புடைய மகரயாழ் என்றும், பதினான்கு நரம்புடைய சகோடயாழ் என்றும், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் என்றும் உரையாசிரியர்கள் எண்ணிச் சொல்லும் கருவிகள் ஒவ்வொன்றாய் வாசிப்பாரற்று மறைந்தன. திருமுறை கண்ட புராணம் கூறும் செய்தி இங்கே மிகவும் கவனிக்கத் தக்கது. தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்த பின்பு, பாடல்கள் கைக்கு வந்தும் அவற்றின் பண்முறை ஒருவருக்கும் தெரியாமற் போகவே, சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூருக்கு வந்து வேண்ட, யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்களை வகுத்துக்கொண்டார்கள் என்பது அது. ஏடு பிழைத்திருந்தது, இசையோ விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், ஒரு பெண்ணிடம், எஞ்சியிருந்தது. அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள், அவள் யாருக்குக் கற்றுக் கொடுத்தாள் என்பதைப் புராணம் சொல்லவில்லை. அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

இந்தப் படிப்பினையைச் சோழர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெட்டுப் பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக ஐம்பது பேரை நியமித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் கொடுக்கும்படி கல்லில் வெட்டுவித்தான். அதற்குமேல் அக்கல்வெட்டு ஒரு விதியையும் சொல்லுகிறது: ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும், அவ்வுறவினர் தகுதியற்றவராயிருந்தால் தகுதியுள்ள ஒருவரைத் தேடி அமர்த்த வேண்டும். வித்தை இடையறாமல் நடக்க வேண்டுமானால் அடுத்த தலைமுறைக்கும் இப்பொழுதே படியளந்து வைக்க வேண்டும் என்ற தீர்க்கதரிசனம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. கல்வி நிலையங்களுக்கு இத்தகைய ஆதரவு இருந்ததற்கும் நம் பழைய தென்னார்க்காடு பிரதேசத்திலேயே சாட்சி உண்டு. முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லை ஊர்ச்சபையே ஏற்பாடு செய்ததைக் கணக்குப் பிசகாமல் கூறுகிறது.

யாழின் இடத்தில் வீணை வந்தது. வீணைக்குப் பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, வயலின் வந்தது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், சென்னைக்கருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்தபோது, அவர்கள் அமர்த்திக் கொடுத்த ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் அந்தக் கருவியைக் கற்றார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதைத் திருவாங்கூர் அரண்மனை வரையில் கொண்டு சென்றார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினை வெகுமதியாகத் தந்தார். அயல்நாட்டுக் கருவி என்று அதை ஒதுக்காமல், நின்று வாசிப்பதை விட்டுத் தரையில் உட்கார்ந்து, அதன் தலைப்பகுதியை வலது கணுக்காலிலே ஊன்றி, மறுமுனையை மார்பிலே சார்த்தி, இடதுகை விரல்கள் கமகத்துக்கு வழுக்கிச் செல்லத் தோதாக்கிக்கொண்டார்கள் நம் வித்துவான்கள். ஸ, ப, ஸ, ப என்று நான்கு தந்திகளையும் நம் முறைக்குச் சேர்த்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் வயலின் இல்லாத கச்சேரி இல்லை என்றாயிற்று. ஆனாலும் அதைக் கற்பதற்கு ஒன்று வித்துவான் வீட்டில் பிறக்க வேண்டும், அல்லது குருகுலவாசம் செய்ய வேண்டும், அல்லது ஆசிரியரை வீட்டுக்கு வரவழைக்கும் வசதி வேண்டும்.

இந்த வேலியைத் தகர்க்க முயன்றவர்களில் முதலில் நினைக்கத் தக்கவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியராயிருந்த காலத்தில் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்ற அவர், பிற்காலத்தில் வைத்தியத்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சியிலே கொட்டி, 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, கற்றவர்கள் கூடித் தர்க்கிக்கும் மாநாடுகளைத் தம் செலவிலேயே நடத்தினார். அவருக்குப்பின் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியைத் தோற்றுவித்தபோது, நம் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலேறிப் போய்த் திரும்பக்கூடிய தூரத்திலே சங்கீத வித்தைக்கு ஒரு வீடு கிடைத்தது; 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேதான். அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராயிருந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டுக் கால உழைப்பின் பயனாக யாழ் நூலை இயற்றினார். 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. சென்னையிலோ இசையறிஞர் பி. சாம்பமூர்த்தி, பள்ளிக்கூடங்களில் இசையைப் பாடமாக்குவதற்கு வேண்டிய நூல்களை எழுதுவதிலும் இசையாசிரியர்களை உருவாக்குவதிலும் தம் ஆயுளைச் செலவிட்டார். 1949இல் அரசே சென்னையில் கர்நாடக இசைக் கல்லூரியைத் தொடங்கி முசிரி சுப்பிரமணிய ஐயரை அதன் தலைவராக்கியது. பின்னர் அரசு இசைப்பள்ளிகள் மாவட்டங்களுக்கும் வந்தன. கடலூரில் உள்ள பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், மிருதங்கம் ஆகியவற்றோடு வயலினும் கற்பிக்கப்படுகிறது.

வேப்பூரிலிருந்து கடலூருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பள்ளி விட்டபின் அங்கே போய்க் கற்றுத் திரும்ப முடியாது. ஆகையால், கிராமத்துப் பிள்ளைக்குத் தந்தியின் ஓசை கிடைக்க வேண்டுமானால் அது அவள் படிக்கும் அரசுப் பள்ளியிலேயே கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்காது. 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்பயிற்சி, தையல், இசை முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ஐயாயிரம் ரூபாய் ஊதியத்தில் நியமித்தது. அவர்களில் இசையாசிரியர் பங்கு சிறிது. கிடைத்தவர்களும் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடும் நிலையில்தான் இருந்துவருகிறார்கள். 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாப் போட்டிகளில் கருவியிசைக்கும் இடமளித்திருப்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மேடை கட்டியாயிற்று, அந்த மேடையில் வந்து வாசிக்க வேண்டிய குழந்தைக்குச் சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் வாரந்தோறும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

நரம்புக் கருவிக்கும் மற்றவற்றுக்கும் இவ்விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. வயலினில் வீணையைப்போல் மெட்டுகள் இல்லை. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் கண் காட்டாது. காது ஒன்றே காட்ட வேண்டும். தொடக்கத்தில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் மோதிரவிரலைப் பிடித்து ஒரு நூலிழை முன்னே நகர்த்தி, ‘இப்போது கேள்’ என்று சொல்லியாக வேண்டும். வில்லுக்கு ரோசின் தேய்ப்பதையும், பிருடை நழுவினால் சுண்ணக்கட்டித் தூள் தடவி இறுக்குவதையும், மழைக்காலத்தில் சுருதி இறங்குவதையும் ஆசிரியர்தாம் காட்ட வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு முக்கால் அளவு வயலின் வேண்டும், இன்னும் சிறு குழந்தைக்கு அரை அளவு வேண்டும் என்பதை அறிந்து வாங்கித் தரவும் ஆள் வேண்டும். நல்லாசிரியர் இல்லாமல் வாங்கி வைக்கப்பட்ட வயலின் பீரோவுக்குள்ளேயே தந்தி துருப்பிடித்துக் கிடக்கும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து ஈஸ்ட் ஹார்லெம் என்ற ஏழைப் பகுதியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ராபர்ட்டா குவாஸ்பாரி என்ற ஆசிரியை தம் கைவசமிருந்த ஐம்பது வயலின்களைக் கொண்டு 1980 முதல் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கற்பித்து வந்தார். 1991இல் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி அந்தப் பணியிடம் நீக்கப்பட்டது. வயலின்கள் அப்படியே இருந்தன. ஊதியம் நின்றதும் வகுப்பு நிற்கும் நிலை வந்தது. பெற்றோரும் பழைய மாணவரும் ஊராரும் கூடி நிதி திரட்டினார்கள். 1993இல் கார்னகி ஹாலில் ஐசக் ஸ்டெர்னும் இட்ஸாக் பெர்ல்மனும் அக்குழந்தைகளோடு ஒரே மேடையில் வாசித்தார்கள். அந்தக் கல்வி பிழைத்தது.

நமக்கு இது அந்நியமான யோசனை அன்று. காமராஜர் காலத்தில், பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால், 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அதைத் தொடர்ந்து மாநிலமெங்கும் இத்தகைய மாநாடுகள் நடந்தன. அவற்றில் ஊர்மக்கள் பள்ளிக்கு மேசையும் நாற்காலியும் கடிகாரமும் கட்டடமும் தாங்களே முன்வந்து கொடுத்தார்கள். மதிய உணவும் தொடக்கத்தில் ஊராரின் கொடையையே பெரிதும் நம்பி நடந்தது. கஞ்சிக்கும் கட்டடத்துக்கும் கொடுத்த அதே கை வித்தைக்கும் கொடுக்கும் என்று நம்புவதற்கு இந்தச் சரித்திரம் போதும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் முன்னாள் மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளிக்கு நேராக உதவ வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு வாக்கும் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலுக்கு ஒரு தனி நிறுவனம் வைத்து, களிமண்ணைப் பதப்படுத்தவும் சூளையின் வெப்பத்தை அளக்கவும் இளைஞர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியதே, அந்த எண்ணத்தை இன்னொரு கைத்திறனுக்கும் நீட்டிக் கேட்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் பழைய நூல்களையும் சிற்பங்களையும் பார்த்து யாழை மறுபடியும் மரத்தில் செய்து ஒலிக்க வைத்திருக்கிறார். பல நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் அந்தக் கருவி வந்திருக்கிறது; பண்ணைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிய எருக்கத்தம்புலியூர் வீட்டைத் திரும்ப உண்டாக்க எந்தத் தச்சராலும் இயலாது. வயலினுக்கு அந்தக் கதி இன்னும் வரவில்லை. சிதம்பரத்திலும் கடலூரிலும் படித்து முடித்து, வேலையில்லாமலோ வேறு வேலையிலோ இருக்கும் வயலின் கலைஞர்கள் நம் மாவட்டத்திலேயே வாழ்கிறார்கள். வேப்பூர் வட்டாரத்துப் பள்ளிகள் இரண்டோ மூன்றோ சேர்ந்து அவர்களில் ஒருவரை வாரத்தில் சில நாட்கள் வரவழைத்தால், முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது அவருடைய மாதச் சம்பளம். கருவிகளை அதன்பிறகு வாங்கிக்கொள்ளலாம்.