வராதவர்களின் கணக்கு

அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது இரகசியம். ஆனால் வாக்களிக்கப் போனாரா இல்லையா என்பது பதிவில் இருக்கும். யாருடைய கதவைத் தட்டுவது எண்டு கட்சிகள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. ஒருநாளும் போகாதவரின் கதவைப் பலவேளை ஒருத்தரும் தட்டுவதில்லை.

அந்தக் கணக்கை மருதனார்மடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கோ. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ். தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 சதவீதம். புலிகளின் புறக்கணிப்பு அது. விரும்பி வீட்டில் நிண்டவரும் பயத்தில் நிண்டவரும் ஒரே இலக்கத்துக்குள்தான். வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் நாடு முழுக்க ஏறத்தாழ 1,80,000 வாக்குகள்; இங்கே இடாப்பில் இருந்ததோ 7 இலட்சம் பெயர்கள்.

2010இல் 25.7 சதவீதம். அக்கறையில்லாத சனம் எண்டு கணினி சொல்லும். இடாப்பில் இருந்த கனபேர் அப்போது வெளிநாட்டில். சிலர் செட்டிகுளம் முகாமில். சிலர் உயிரோடேயே இல்லை. 2015இல் இடாப்பு 5.3 இலட்சமாகச் சுருங்க, சதவீதம் 66க்கு ஏறியது. இடாப்பின் வித்தை மட்டுமில்லை. விழுந்த வாக்குகளும் 1.85 இலட்சத்திலிருந்து 3.5 இலட்சமாகின. பழைய சதவீதத்தை நம்பின வேட்பாளர் இந்தப் பக்கம் வந்தே இருக்கமாட்டார்.

இன்னும் பின்னால் போனால் 1931. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் அரசாங்க சபைத் தேர்தலில் வடக்கின் 4 தொகுதிகளில் வேட்புமனுவே இல்லை. அதைக் கணினியில் எந்தக் கட்டத்துக்குள் போடுவது?