அத்தை கேட்காத பாட்டும் பழைய போன் மீட்டரும்

பத்து வருஷத்துக்கு முந்தின கதை. எங்க அத்தை காட்டுச்சாளையில தனியா இருந்தாங்க. கையில ஒரு பட்டன் போன். நான் போட்டுவிட்ட காசு மாசாமாசம் முப்பது முப்பது ரூபாயா காணாமப் போயிட்டே இருந்துச்சு. "நான் ஆருக்கும் பேசலியே கண்ணு"ன்னாங்க. நானும் முதல்ல நம்பல. எதையாவது அமுக்கியிருப்பாங்கன்னுதான் நினைச்சேன். ஒருநாள் ராத்திரி கிணத்து மோட்டார் புகைஞ்சப்ப என்னைக் கூப்பிடப் பாத்திருக்காங்க, போன்ல காசில்ல. அதுக்கப்புறம்தான் உறைச்சது.

அவங்க நம்பருக்கு நானே போன் போட்டேன். மணி அடிக்கிறதுக்குப் பதிலா ஒரு சினிமா பாட்டு. காலர் டியூன்! அது கூப்பிடறவங்களுக்கு மட்டும்தான் கேட்கும். தன் காதால ஒருநாளும் கேட்காத பாட்டுக்கு அத்தை மாசாமாசம் காசு கட்டியிருக்காங்க.

கம்பெனிக்குப் போன் பண்ணா, ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சுத்திவிட்டு, கடைசியில ஒரு பொண்ணு பேசுச்சு. "நீங்கதான் சார் ஆக்டிவேட் பண்ணியிருக்கீங்க, சிஸ்டத்துல காட்டுது." அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தப் பழங்கதைக்குள்ள இழுத்துவிட்டது. ஏன்னா போன் வந்த காலத்திலிருந்து இதே பதில்தான். அன்னிக்கு "மீட்டர்ல காட்டுது", இன்னிக்கு "சிஸ்டத்துல காட்டுது".

நாங்க பருத்தி போட்டாலும் மஞ்சள் போட்டாலும் தராசு கண்ணு முன்னாடி நிக்கும். முள்ளு சாஞ்சா சண்டை போடலாம். பால் ஊத்தப் போனாலும் லாக்டோமீட்டரை எட்டிப் பாக்கலாம். போன் மட்டும்தான் தராசை விக்கிறவன் வீட்டுக்குள்ளயே வச்சிருந்த சரக்கு.

டிரங்க் கால் காலத்தில் அப்படி இல்லை. வெளியூருக்குப் பேசணும்னா பதிவு செய்யணும். ஆபரேட்டர் ஒரு சீட்டில் எந்த நம்பர், எவ்வளவு நேரம் என்று எழுதுவார். சாதாரணம், அர்ஜெண்ட், அதுக்கும் மேல லைட்னிங் என்று அவசரத்துக்குத் தக்க கட்டணம். மணிக்கணக்கில் காத்துக்கிடக்கணும், ஆனா கேள்வி கேட்டா காட்ட ஒரு சீட்டு இருந்தது. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது. ஆபரேட்டர் போனார், கூடவே சீட்டும் போச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் எக்ஸ்சேஞ்சில் ஒரு சின்ன எண்ணும் மீட்டர். பேசுற ஊர் தூரமாக ஆக அது வேகமாத் துடிக்கும். குறிப்பிட்ட நாளில் வரிசையா இருக்கிற மீட்டர்களைப் போட்டோ பிடிச்சு, முந்தின எண்ணைக் கழிச்சா பில். யாருக்குப் பேசினோம், எத்தனை நிமிஷம், எதுவும் அதில் கிடையாது. மொத்தம் இத்தனை யூனிட், அவ்வளவுதான். மீட்டர் பழுதானாலும், வழியில எவனாவது கம்பியில் இன்னொரு போனைச் சொருகிப் பேசினாலும் பில் உங்க பேருக்குத்தான் வரும். வீட்டுக்காரங்க கையில இருந்த ஒரே பாதுகாப்பு, டயல் ஓட்டையில் மாட்டுற குட்டிப் பூட்டு. அதையும் ரிசீவர் வைக்கிற கொக்கியைத் தட்டித் தட்டியே நம்பர் போட்டு ஏமாத்துன பசங்க எங்க ஊர்லயும் உண்டு! எஸ்.டி.டி. பூத்துல மட்டும் சிவப்பு எண் ஓடுறதை கண்ணால பாக்கலாம், சீட்டும் கிடைக்கும். சொந்தமா போன் வச்சிருந்தவரை விட பூத்துக்குப் போனவருக்கு அதிகம் தெரிஞ்சிருந்தது.

சண்டை போடவும் இடமில்லை. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டம்தான் போனுக்கும். அதில் 1957-ல் சேர்த்த 7-பி பிரிவு, தகராறு வந்தா மத்திய அரசு நியமிக்கிற நடுவரிடம் போகச் சொன்னது. அவர் தீர்ப்பே முடிவு. போன் கொடுத்ததும் அரசு, நடுவரை வைக்கிறதும் அரசு. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம்தான் ஜனங்க மாவட்ட மன்றத்துக்குப் போய் ஜெயிக்க ஆரம்பிச்சாங்க. கேரளாவில் ஒருத்தருக்கு, துண்டித்த இணைப்பைத் திருப்பித் தரவும் 5,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவும் மன்றம் உத்தரவு போட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009 செப்டம்பர் 1-ம் தேதி, 7-பி இருக்கிறதால நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாதுன்னு தீர்ப்பாச்சு. ஐயாயிரம் ரூபாய் வழக்கால நாடு முழுக்க கதவு சாத்தப்பட்டது. தனியார் கம்பெனிகளும் இதையே நீட்ட ஆரம்பிச்சாங்க. டிராய் இருக்கேன்னு கேட்பீங்க. தனி ஆளோட புகாரை அது விசாரிக்காது.

மாசம் சுமார் 555 ரூபாய் பில் வந்த குஜராத்காரர் ஒருத்தருக்கு 2013 கடைசியில் ஒரே மாசம் 24,609 ரூபாய் வந்தது. அவர் விடலை. 2022 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் மன்றத்துக்கும் போகலாம்னு சொன்னது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல சாத்திக் கிடந்த கதவு அது. 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. எங்களை மாதிரி பஸ் பிடிச்சுப் போறவங்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

அத்தை கதை நடந்தப்போ கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனா 2012-ம் வருஷத்து டிராய் விதி, ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் நம்பர் தரணும், திருப்தி இல்லைன்னா கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு இருக்கணும்னு சொல்லியிருந்தது. கூடவே 2013-ல், இந்த மாதிரி சேவைக்கு வாடிக்கையாளர் ரெண்டு தடவை சம்மதம் சொல்லணும்னு இன்னொரு உத்தரவு. திரும்பக் கூப்பிட்டு, "அந்த ரெண்டாவது சம்மதத்தைக் காட்டும்மா"ன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம்தான் டாக்கெட் நம்பர் கிடைச்சது. காலண்டர்ல எழுதி வச்சேன்.

அத்தை போனுக்கு தொண்ணூறு ரூபாய் திரும்பி வந்தது. பாட்டும் நின்னுபோச்சு. அதுல வருத்தப்பட்டவர் பால்காரர் ஒருத்தர்தான். "ஏனுங்க, அந்தப் பாட்டு எங்கீங்க?"ன்னு அத்தைகிட்டயே கேட்டிருக்கார்.