கையூட்டும் சட்டமும் - நம் மலைநாட்டு வரலாற்றிலிருந்து

உதகமண்டலத்தை உருவாக்கியவர் ஜான் சல்லிவன் என்பதை நம் மாவட்டப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்றும் நினைவில்லமாக விளங்குகின்றது. ஆனால் 1819இல் இம்மலைமீது ஏறுவதற்கு முன்னரே, கோயம்புத்தூரில் பெரியதோர் ஊழலை விசாரிக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலர்.

அந்நாளில் கோவைக் கருவூலத்தின் பொக்கிஷதாராக இருந்தவர் காசிச் செட்டி. அரசுப் பணத்தைத் தம் வாணிபத்துக்குப் பயன்படுத்திக் கொண்டார். வருவாய்த் துறை ஊழியரையும் தம் கைக்குள் வைத்திருந்தார். கலெக்டராயிருந்த காரோ அவரை முற்றும் நம்பினார். அதனால் குடிகளின் முறையீடு எடுபடவில்லை. 1816இல் தாமஸ் மன்றோவும் சல்லிவனும் விசாரித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மன்றோ சென்னைக் கவர்னராயிருந்த 1822ஆம் ஆண்டில், வருவாய் ஊழியர்தம் கையாடலையும் இலஞ்சத்தையும் விசாரிப்பதற்கென ஒன்பதாம் ஒழுங்குச் சட்டம் பிறந்தது. அதன்படி விசாரிக்கும் அதிகாரம் யாருக்குத் தரப்பட்டது? கலெக்டருக்கே! மேலதிகாரி கண்ணயர்ந்ததால் விளைந்த கேட்டுக்கு, மேலதிகாரியையே காவல் வைத்தார்கள். இந்த ஓட்டை நம் காலம் வரை அடைபடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் பாட்டன்மார் விட்டுவந்த சமவெளி ஊர்களில் நடந்தது என்ன? செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் அவலநிலையை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892இல் அரசாணை பிறந்து, பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கலாகாது. அதன் பின்னரும் நம் வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. இதனினும் தெளிவான பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? எனினும் அந்நிலங்களுள் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. கடனும் மிரட்டலும் காரணங்கள் என்பது மெய்யே. ஆயினும், விற்கக்கூடாத நிலம் கைமாற வேண்டுமாயின், பதிவேட்டில் ஒருவர் பெயரை அடித்து மற்றொருவர் பெயரை எழுத ஒரு கை வேண்டுமன்றோ? அந்தக் கை அரசு ஊதியம் பெற்ற கை. பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி 1980இல்தான் ஒழிந்தது.

நம் மலைக்கே வருவோம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டுமென முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியோருள் நம்மவர் ஏராளம். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, 1976இல் டான்டீ என்னும் கழகமாயிற்று. தோட்ட வேலை கிடைக்காதோர்க்குத் தொழிற்கடன் அளிக்கப்பட்டது. மண்டபம் முகாமில் இறங்கியவர்களுக்கு ஊரும் தெரியாது, அலுவலகமும் தெரியாது. கடன் கைக்கு வருமுன் தரகருக்கு ஒரு பங்கு, அலுவலருக்கு ஒரு பங்கு. எஞ்சியதைக் கொண்டு பெட்டிக்கடையும் வைக்க இயலாமல், கையில் குடும்ப அட்டையோடு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் கூலி தேடி ஏறி வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நாம் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அக்குடும்பங்கள் இழந்தது வெறும் பணமன்று. ஒரு தலைமுறையின் முதலீடு.

செல்வர்க்குக் கையூட்டு ஒரு செலவு, அவ்வளவே. சட்டம் தந்ததைத் தவிர வேறு சொத்தில்லாத நமக்கோ, அந்தச் சட்டத்தையே பறிகொடுப்பதாகும். ஆகவே ஊழல் தடுப்புச் சட்டம் வலுப்பெற வேண்டுமென்று முதலில் கேட்க வேண்டியவர் நாமே.

சட்டங்கள் வராமலில்லை. 1947இல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. தமிழராகிய கே. சந்தானம் தலைமையில் 1962இல் அமைந்த குழுவின் பரிந்துரையால் 1964இல் மத்திய விஜிலென்ஸ் கமிஷன் ஏற்பட்டது. 1973இல், முதலமைச்சர் உள்ளிட்ட பொதுவாழ்வினரை விசாரிக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அது 1977இல் நீக்கப்பட்டது. அதற்காகத் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்த குடிமக்கள் எத்தனை பேர்? கட்சிச் சார்பாக இதனைக் கேட்கவில்லை. மக்கள் பின்னே நில்லாத சட்டத்தை நீக்குவது எளிது என்பதற்காகவே கேட்கிறோம்.

இன்று நடப்பிலுள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். 2018இல் அது திருத்தப்பட்டது. அலுவலர் தம் கடமையில் எடுத்த முடிவு குறித்து விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 17ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இலஞ்சம் வாங்குங்கால் கையோடு பிடிபடுபவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. அஃதாவது, நூறு ரூபாய் வாங்கும் எழுத்தரைப் பிடிக்கலாம். பெரிய முடிவு எடுத்தவரை விசாரிக்க மேலிடத்தைக் கேட்க வேண்டும். 1822ஆம் ஆண்டின் ஓட்டை வேறு உருவில் வந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அதே திருத்தம் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர், ஏழு நாள்களுக்குள் காவல் அல்லது விசாரணை அமைப்பிடம் தெரிவித்தால் தப்பலாம். கொடுக்குமுன்பே தெரிவித்துவிட்டு, அவர்கள் சொற்படி கொடுப்பது குற்றமாகாது. இளைஞர்கள் இவ்விரண்டையும் மனத்திற் கொள்க. வீட்டிலுள்ள பெரியோர்க்கும் எடுத்துச் சொல்க.

சில ஆண்டுகளுக்குமுன் நம் பள்ளி மாணவி ஒருத்திக்கு உதவித்தொகை பெறச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. தாய் கொழுந்து பறிப்பவர். அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தார். நான்கு பேர் போயிற்று. ஐந்தாம் முறை ஐந்நூறு ரூபாய் கேட்கப்பட்டது, கொடுத்துவிட்டார். செய்தி நம் காதுக்கு வந்தபொழுது ஒரு திங்கள் கடந்துவிட்டது. “புகார் செய்திருக்கலாமே, அம்மா” என்றோம். “உதகைக்குப் போய்வர இன்னொரு பேர் போகுமே, சார். போனால் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்டார். மாட்டார்கள் என்று அவருக்கு உறுதி சொல்லத்தக்க சட்டப் பிரிவு ஒன்றும் நம் கையில் இல்லை.